வாரத்துக்கு 80 மணி நேரம்: அமெரிக்க இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியில் என்னதான் கற்கிறார்கள்?

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்த தம் மகள் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பித்து நேர்காணல்களில் கலந்துகொண்டிருப்பதாகவும், வாரத்துக்கு 80 மணி நேர வேலை என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் அமைதியில்லாமல் இருப்பதாகவும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். "இது படிப்பா, குறைந்த சம்பளத்துக்கு வாங்கும் வேலையா?" என்பது அவர் கேட்ட வரி. அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு நேரம் வார்டில் நின்றால்தான் மருத்துவம் கைவருமா? அந்த நேரத்தில் எவ்வளவு கற்றல், எவ்வளவு வெறும் உழைப்பு? அதைத் தாங்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து, இதே பயிற்சியை அமெரிக்காவில் முடித்து, இப்போது ஒரு பயிற்சி மருத்துவமனையில் ரெசிடென்டுகளை மேற்பார்வையிடும் பணியில் இருக்கிறேன். இந்த அமைப்பின் வழியே வந்து அதிலேயே ஊதியமும் பெறுபவர் அதன் குறைகளைச் சற்று மென்மையாகவே பார்ப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஆய்வு இருக்கும் இடத்தில் ஆய்வைச் சொல்கிறேன். என் கருத்து மட்டுமே இருக்கும் இடத்தில் அது கருத்து என்றே சொல்கிறேன். அறுவை சிகிச்சை, மகப்பேறு போன்ற துறைகளின் பயிற்சி முற்றிலும் வேறு. அவற்றுக்கு இந்தப் பதிலைப் பொருத்த வேண்டாம்.

இன்டர்னல் மெடிசின் என்பது ஏறக்குறைய நம் எம்.டி. ஜெனரல் மெடிசின்தான். பெரியவர்களுக்கு வரும் இதயச் செயலிழப்பு, நிமோனியா, ரத்தத்தில் பரவும் தொற்று, கல்லீரல் சுருக்கம், நீரிழிவின் சிக்கல்கள், சிறுநீரகக் கோளாறுகள் ஆகியவை அதன் அன்றாடம். பயிற்சி 3 ஆண்டுகள். ஜூலை தொடக்கத்தில் ஆரம்பிக்கும். முதலாண்டில் இருப்பவரை இன்டர்ன் என்பார்கள். ஆனால் அவர் நம் ஊர் ஹவுஸ் சர்ஜனைப் போலப் பட்டத்துக்காகக் காத்திருப்பவர் அல்லர், சிகிச்சை உத்தரவுகளைத் தானே எழுதும் மருத்துவர். எம்.டி.க்கு உரிய ஆய்வேடு இங்கே கிடையாது. மூன்றாண்டும் முடிந்த பிறகு, 1936இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இன்டர்னல் மெடிசின் வாரியத்தின் தேர்வை எழுதுவார்கள். இடையில் வார்டு, ஐ.சி.யூ., இரவுப் பணி, புறநோயாளர் கிளினிக், இதயம் சிறுநீரகம் போன்ற சிறப்புப் பிரிவுகள் என்று சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

வார்டில் ஒரு குழு என்றால் அட்டெண்டிங் என்னும் பொறுப்பு மருத்துவர், இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு சீனியர் ரெசிடென்ட் ஒருவர், பெரும்பாலும் இரண்டு இன்டர்ன்கள், சில மாணவர்கள். இப்பயிற்சிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் விதிப்படி ஓர் இன்டர்னின் பொறுப்பில் ஒரே நேரத்தில் 10 நோயாளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் அட்மிஷன் நாளில் 5 புதிய நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது. வேறு பிரிவிலிருந்து மாற்றப்பட்டு வருபவர்கள் இருவர் கூடுதலாக இருக்கலாம். நம் அரசு மருத்துவமனைகளில் அட்மிஷன் நாளின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு 10 என்பது சிரிப்பு வரவழைக்கும் எண். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் பலர் 70 வயதைக் கடந்தவர்கள். ஆளுக்கு ஐந்தாறு நோய்கள், பத்துப் பதினைந்து மாத்திரைகள். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்துடன் பேச வேண்டும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். தலைகளை எண்ணி இரண்டு நாட்டு வேலையையும் ஒப்பிட முடியாது.

என்ன கற்கிறார்கள் என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்வதே நல்லது. இதயச் செயலிழப்பால் கால் வீங்கி, மூச்சுத் திணறி வந்த ஒருவருக்கு ஃப்யூரோசிமைடு ஊசி போட்டு நீரை வெளியேற்றுகிறார்கள். நாள்தோறும் எடை, சிறுநீரின் அளவு, பொட்டாசியம், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.2இலிருந்து 1.5 ஆகிறது. மருந்து அதிகமாகிச் சிறுநீரகம் வறண்டுவிட்டதா, அல்லது இன்னும் தேங்கியிருக்கும் நீரே சிறுநீரகத்தை அழுத்துகிறதா? முதலாவது என்றால் மருந்தை நிறுத்த வேண்டும். இரண்டாவது என்றால் கூட்ட வேண்டும். புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் இருக்கும். கட்டிலருகே போய்க் கழுத்துச் சிரை எவ்வளவு உயரம் புடைத்திருக்கிறது, கால் வீக்கம் வடிந்ததா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். நீர்த்தேக்கம் தீராத நிலையில் இச்சிறு உயர்வுக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் தவறு. ஆனால் ஆகஸ்ட் மாதத்து இன்டர்ன்களில் பலர் நிறுத்தத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் கூட்டுவதை விட நிறுத்துவது பாதுகாப்பாகத் தோன்றும். மார்ச் மாதத்தில் அதே இன்டர்ன், காலை ரவுண்ட்ஸில் நான் கேட்பதற்கு முன்பே, "கழுத்துச் சிரை இறங்கவில்லை, அளவை இரட்டிப்பாக்கலாம்" என்பார். இடைப்பட்ட மாதங்களில் அவர் புதிய தகவல் எதையும் கற்றுவிடவில்லை. தாமே முடிவெடுத்து, மறுநாள் அதன் விளைவைத் தாமே பார்த்திருக்கிறார்.

இதைவிட முக்கியமானது, யார் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறார் என்று அறியும் கண். இரவு மூன்று மணிக்கு நர்ஸ் அழைத்து ரத்த அழுத்தம் 88 என்கிறார். கல்லீரல் சுருக்கம் உள்ள ஒருவருக்கு மாதக்கணக்கில் 90தான் வழக்கம். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். நிமோனியாவுடன் நேற்று 140இல் இருந்தவருக்கு அதே 88 என்றால் ஐ.சி.யூ.வுக்கு இடம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொலைபேசியில் கேட்கும் எண் ஒன்றுதான். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். கை சில்லிட்டிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு சீனியரை அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் ஓர் இன்டர்னிடம் நான் எதிர்பார்ப்பது நோயைக் கண்டுபிடிப்பதை அல்ல. அழைக்க வேண்டிய நேரத்தில் அழைப்பதை. தேவைக்கு அதிகமாக அழைப்பவரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அழைக்கவே அழைக்காதவரைத்தான் கூர்ந்து கவனிப்பேன்.

மேற்பார்வை படிப்படியாகத் தூரம் விலகுவதே இப்பயிற்சியின் எலும்புக்கூடு. முதலில் சீனியர் கூடவே நிற்பார். பிறகு அதே தளத்தில், அழைத்தால் வரும் தூரத்தில் இருப்பார். பிறகு, நடந்ததைப் பின்னர் கேட்டுத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாம் ஆண்டின் முதல் நாள் இந்த ஏணியில் ஒரு பெரிய தாவல். முந்தைய நாள் வரை இன்டர்னாக இருந்தவர், மறுநாள் காலை இரண்டு இன்டர்ன்களுக்குத் தலைவர். இதயம் நின்றவருக்கு உயிர்காப்பு முயற்சியை நடத்துபவரும் அவரே. கட்டிலின் கால்மாட்டில் நின்று, தாம் கை வைக்காமல், யார் மார்பை அழுத்துவது, எப்போது அட்ரினலின், எப்போது நிறுத்துவது என்று சொல்ல வேண்டும். கையை வைக்காமல் நிற்பதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் பெரும்பாலோர் வேலை தேடலிலும், ஃபெலோஷிப் என்னும் அடுத்தகட்டச் சிறப்புப் பயிற்சிக்கான விண்ணப்பத்திலும் பாதி மனத்தை விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாண்டும் தொடர்ந்து ஒரே நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கை ரெசிடென்டுகள் சுமையாக நினைக்கிறார்கள். வார்டில் ஐந்து நாளில் அனுப்பப்பட்டவருக்கு ஐந்து மாதத்தில் என்ன ஆனது என்பது அங்கேதான் தெரியும் என்பதால், அது சுமை என்னும் எண்ணம் தவறு என்பது என் கருத்து.

இனி மணிக்கணக்குக்கு வருகிறேன். இந்த முறை பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் காலத்தில் உருப்பெற்றது. அங்கே பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கியிருந்தார்கள். பயிற்சிக்குத் திட்டமான கால அளவும் இருக்கவில்லை. "நாங்கள் எல்லாம் எவ்வளவு உழைத்தோம்" என்று மூத்தவர்கள் சொல்லும்போது அந்தக் காலத்தின் நிழல் அதில் இருக்கிறது. ஆனால் அன்று நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம். இன்று சராசரியாக ஐந்து நாளைப் போல மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஐந்து நாளுக்குள் அத்தனை சோதனைகளும் சிகிச்சைகளும் நெருக்கியடிக்கின்றன. ஆகவே பழைய 100 மணி நேரமும் இன்றைய 80 மணி நேரமும் ஒரே அளவுகோலில் நிற்பவை அல்ல.

வரம்பு வந்ததற்குக் காரணம் ஒரு மரணம். 1984 மார்ச்சில் லிபி சயன் என்னும் 18 வயதுப் பெண் காய்ச்சலுடன் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, சில மணி நேரத்துக்குள் இறந்தார். அவர் உட்கொண்டு வந்த ஃபெனல்சின் என்னும் மனச்சோர்வு மருந்துடன் சேரக் கூடாத பெத்திடின் அவருக்குத் தரப்பட்டிருந்தது. அவரைக் கவனித்த ரெசிடென்டுகள் நீண்ட நேரப் பணியில் இருந்தவர்கள். மேற்பார்வை தொலைபேசி வழியாகவே இருந்தது. அந்தப் பெண்ணின் தந்தை விடாமல் போராடினார். மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரையறுத்தது. நாடு முழுவதற்கும் அந்த வரம்பு 2003இல் வந்தது. 2011இல் இன்டர்ன்கள் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது என்றார்கள். 2017இல் அதைத் தளர்த்தி மீண்டும் 24 மணி நேரம் ஆக்கினார்கள். அதற்கு மேல் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க 4 மணி நேரம் வரை கூடுதல். பெல் உட்படப் பலரும் களைப்பை விட மேற்பார்வைக் குறைவையே பெரிய குற்றமாகக் கருதினார்கள். பொது விவாதத்தில் மணிக்கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

80 என்பது நான்கு வாரத்துச் சராசரி என்பதை உங்கள் மகள் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் 90 ஆகி, கிளினிக் வாரம் 50 ஆனால் விதி மீறப்படவில்லை. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதும் அதே போன்ற சராசரிதான். வீட்டுக்கு வந்து கணினியில் நோயாளிக் குறிப்புகளை எழுதும் நேரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஆனால் பலர் அதைச் சேர்த்துக் காட்டுவதில்லை. மீறலை அறிவித்தால் தம் பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரத்துக்கே சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் ரெசிடென்டுகளே குறைத்து எழுதுவதுண்டு. ஐ.சி.யூ.வும் வார்டும் 65 முதல் 80 வரை, மற்றவை 40 முதல் 60 வரை என்பது நான் பார்த்த இடங்களின் நிலவரம். எல்லா இடத்துக்கும் இதை விதியாகக் கொள்ள வேண்டாம்.

களைப்பு மருத்துவருக்கும் நோயாளிக்கும் தீங்கு என்பதில் ஐயமில்லை. 2004இல் பாஸ்டனில் ஐ.சி.யூ. இன்டர்ன்களை வைத்து நடந்த ஆய்வில், பழைய முறைப் பணி நேரத்தில் இருந்தவர்கள், குறைக்கப்பட்ட நேரத்தில் இருந்தவர்களை விட 36 விழுக்காடு கூடுதலாகத் தீவிரப் பிழைகள் செய்தார்கள். மறுவருடம் வெளியான மற்றோர் ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணி முடிந்து காரில் திரும்பும் இன்டர்ன் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. ஐயமுள்ள பகுதி இதற்கு அடுத்தது: நேரத்தைக் குறைத்தால் நோயாளிகள் அதிகமாகப் பிழைக்கிறார்களா? 63 இன்டர்னல் மெடிசின் பயிற்சித் திட்டங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 16 மணி நேர வரம்பும் மறுபாதிக்குத் தளர்வான நேரமும் தந்து பார்த்தார்கள். ஐ-கம்பேர் என்னும் அந்த ஆய்வின் முடிவுகள் 2018, 2019இல் வந்தன. தளர்வான நேரம் இருந்த இடங்களில் இறப்பு கூடுதலாகவில்லை. சராசரித் தூக்கமும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அங்கிருந்த இன்டர்ன்களின் மனநிறைவு குறைவு, திட்ட இயக்குநர்களின் மனநிறைவு அதிகம். சுமை யார் தோளில் விழுகிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன். 2003 வரம்புக்கு முன் பயின்ற மருத்துவர்களையும் பின் பயின்றவர்களையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, பிற்காலத்தில் அவர்களுடைய நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை என்றது. நேரம் குறைந்ததால் மருத்துவர்களின் தரம் குறைந்துவிட்டது என்ற புலம்பலுக்கு ஆதாரம் இல்லை என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

நேரத்தைக் குறைத்தும் ஏன் பலன் பெரிதாகத் தெரியவில்லை? ஒரு காரணம், நேரம் குறையக் குறைய நோயாளி கை மாறும் தடவை கூடுகிறது. மாலை ஆறு மணிக்கு ஒப்படைக்கும் இன்டர்ன், "கட்டில் 12, நிமோனியா, நன்றாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனால், இரவில் வருபவருக்கு எது நடக்கக்கூடும், நடந்தால் என்ன செய்வது என்பது தெரியாது. இதற்காகவே ஐ-பாஸ் என்னும் ஒப்படைப்பு முறை வகுக்கப்பட்டது: நோயின் தீவிரம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, எதிர்பார்க்கக்கூடிய சிக்கலும் அதற்கான திட்டமும், கடைசியில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது. குழந்தைகள் நலப் பயிற்சி நடக்கும் ஒன்பது மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் அறிவித்தார்கள். கேட்டவர் திருப்பிச் சொல்வதற்கு முப்பது வினாடி போதும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

"குறைந்த சம்பளத்துக்கு வாங்கும் வேலையா" என்ற கேள்விக்கு, ஆம், அதுவும்தான் என்று சொல்வதே நேர்மை. முதலாண்டுச் சம்பளம் பெரும்பாலான இடங்களில் 60,000 முதல் 75,000 டாலர் வரை. ஆண்டுக்கு 65,000 டாலர், வாரத்துக்கு 70 மணி நேரம், 49 வாரம் என்று கணக்கிட்டால் மணிக்கு 19 டாலர் வருகிறது. சில அமெரிக்க நகரங்களில் குறைந்தபட்சக் கூலி அதற்கு வெகுதூரத்தில் இல்லை. இப்பயிற்சிக்காக மருத்துவமனைகளுக்கு வரும் அரசு நிதியின் பெரும்பகுதியை மெடிகேர் என்னும் அரசுத் திட்டம் தருகிறது. 1997இல் அந்த இடங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டினார்கள். 1952இல் தொடங்கிய மேட்ச் முறையில் கணினி எந்த இடத்தை ஒதுக்குகிறதோ அதற்கே போக வேண்டும் என்பதால் சம்பளம் பேரம் பேச வழியில்லை. இது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று 2002இல் வழக்குத் தொடுத்தார்கள். 2004இல் நாடாளுமன்றம் மேட்ச் முறைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததால் அது நிலைக்கவில்லை. நியூயார்க்கில் 1957இல் தோன்றிய ரெசிடென்டுகளின் தொழிற்சங்கம் அண்மை ஆண்டுகளில் பல மருத்துவமனைகளுக்குப் பரவியிருக்கிறது. அது நல்லதற்கே என்று நினைக்கிறேன்.

சம்பளத்தை விட என்னை உறுத்துவது வேறொன்று. இன்டர்ன்களின் பின்னாலேயே நடந்து, நிமிடம் நிமிடமாகக் குறித்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. 24 மணி நேரத்தில் நோயாளியுடன் நேரடியாக இருந்தது சுமார் 3 மணி நேரம், அதாவது 13 விழுக்காடு. குறிப்பு எழுதுவது, கணினியில் தேடுவது, மற்றவர்களோடு பேசி ஏற்பாடு செய்வது போன்றவை 66 விழுக்காடு. அந்த 66 முழுவதும் வீண் அல்ல. ஆய்வக முடிவுகளைத் தேடிப் படிப்பதும் சிந்தனைதான். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் காத்திருப்பதும், நேற்றைய குறிப்பை இன்று மறுபடி எழுதுவதும் எந்த மருத்துவரையும் உருவாக்கியதில்லை. 80 மணி நேரம் அதிகமா குறைவா என்பதை விட, அந்த நேரத்தில் எவ்வளவு முடிவெடுப்பதில் கழிகிறது என்பதே நல்ல பயிற்சியையும் மோசமான பயிற்சியையும் பிரிக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு எது எளிது, எது கடினம் என்று நான் கவனித்ததையும் சொல்ல வேண்டும். காசநோயையும் வாத இதயநோயையும் அவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். கையால் தொட்டுப் பரிசோதிக்கப் பழகியிருக்கிறார்கள். ஸ்கேன் இல்லாமலும் ஒரு முடிவுக்கு வரத் தெரியும். கடினம், ரவுண்ட்ஸில் வாய் திறப்பது. நம் ஊரில் பேராசிரியர் முன் அமைதியாக நிற்பது மரியாதை. இங்கே அதே அமைதியை, தெரியவில்லை அல்லது அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அட்டெண்டிங் சொல்வது தவறாகத் தோன்றினால் அதைச் சொல்வதும் பயிற்சியின் பகுதி என்பதை ஏற்க எனக்கே நாளாயிற்று. அதைவிடக் கடினம், நோயாளியிடம் நேரடியாகச் சொல்வது. புற்றுநோய் என்றால் முதலில் மகனைத் தனியே அழைத்துப் பேசும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்தச் செய்தி நோயாளிக்கு உரியது. அவர் அனுமதித்தால்தான் மகனுக்கு. மேலும், வார்டில் சேரும் ஒவ்வொருவரிடமும், இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டுமா என்று முதல் நாளே கேட்க வேண்டும். என் பாட்டி வயதுள்ள ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. "உங்களுக்கு எது முக்கியம், எதை நீங்கள் ஒருபோதும் விரும்பமாட்டீர்கள்" என்று தொடங்கலாம் என்பதை ஒரு சீனியர் கற்றுத்தந்தார். இன்று வரை அப்படியே கேட்கிறேன். வெளிநாட்டுப் பட்டதாரிகள் தரத்தில் தாழ்ந்தவர்கள் என்று யாராவது மகளிடம் சொன்னால், 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வைச் சொல்லட்டும்: இன்டர்னல் மெடிசின் மருத்துவர்களில் வெளிநாட்டில் படித்தவர்களின் முதிய நோயாளிகள் 30 நாளுக்குள் இறந்த விகிதம் 11.2 விழுக்காடு, அமெரிக்காவில் படித்தவர்களிடம் 11.6. வேறுபாடு சிறிது, ஆனால் அது நம் பக்கம் இருக்கிறது.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளியதற்கு மன்னியுங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை, ரெசிடென்டுகளில் சுமார் 29 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருப்பதாகக் கணித்தது. பெரும்பாலும் கேள்வித்தாள் வழியே எடுத்த கணக்கு அது. எல்லோருக்கும் நோய் உறுதி செய்யப்பட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது. இருந்தாலும், நால்வரில் ஒருவருக்கு மேல் என்பது சிறிய எண் அல்ல. குளிர்காலத்தில், சூரியன் எழுமுன் போய் மறைந்தபின் திரும்பும் மாதங்களில், நான் இன்டர்ன்களைக் கூடுதலாகக் கவனிப்பேன். தொலைபேசியில் மகளின் குரலில் தொடர்ந்து சில வாரம் எதிலும் பிடிப்பில்லாத தன்மை தெரிந்தால், "எல்லோரும் இப்படித்தான் கஷ்டப்பட்டார்கள்" என்று தேற்றாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்; ரெசிடென்டுகளுக்கு அந்த வசதியை ஏற்படுத்தித் தருவது பயிற்சித் திட்டத்தின் கடமை. வாடகை சற்று அதிகமானாலும் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுக்கச் சொல்லுங்கள். இரவுப் பணி முடிந்து களைத்தவருக்குத் தூங்க இடமோ வீடு திரும்ப வாகனமோ தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாண்டு முடித்தவர் தனியாக நோயாளியைப் பார்க்கத் தகுதியானவரா என்றால், தொடங்கத் தகுதியானவர் என்பேன். எங்கள் மதிப்பீடுகளை நானே முழுதாக நம்புவதில்லை. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளை மட்டும் பார்க்கும் பணியில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், பயிற்சியின்போது எங்களைப் போன்றோர் இட்ட மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் அவர்களுடைய நோயாளிகளின் நிலைக்கும் தொடர்பு தெரியவில்லை; வாரியத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்குத் தொடர்பு தெரிந்தது. களைத்த நாளிலும் புத்தகத்தைத் திறப்பவருக்கு அதன் பலன் உண்டு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் தொடர்பு மட்டுமே தெரிந்த ஆய்வு அது, காரணத்தை நிறுவியதல்ல.

மகள் இன்னும் நேர்காணல் கட்டத்தில் இருப்பதால் அங்கே அவர் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நகரம், பெயர், கட்டடம் ஆகியவற்றை விட, இரவில் சீனியர் ரெசிடென்டுக்கு மேலே யார் மருத்துவமனைக்குள் இருக்கிறார், அவரை எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுப்பலாமா என்பதைக் கேட்கட்டும். ரத்தம் எடுப்பதும் நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்வதும் இன்டர்ன் வேலையா என்று கேட்கட்டும். கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் பயிற்சியைப் பாதியில் விட்டார்கள், வாரியத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் தயங்காமல் கேட்கலாம். வெளிநாட்டு மருத்துவர்கள் பலர் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசா என்றால் பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் பணியாற்றி அதிலிருந்து விலக்குப் பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் அதற்கு உண்டு. அந்தப் பயிற்சித் திட்டத்தில் முடித்தவர்கள் எங்கே வேலை பெற்றார்கள் என்பதையும் விசாரிக்கட்டும். இவற்றுக்கான பதில்களைத் திட்ட இயக்குநரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அவர் அறையில் இல்லாத நேரத்தில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்டுகளிடமும் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.